வரைபடத்தில் தண்ணீர் எங்கே?

அன்புள்ள அண்ணா,
நிலாவெளிப் பக்கம் புவியியல் படிப்பிக்கிறேன். கொலராப் பாடத்துக்கு உலகப் படத்தில் நோய் வந்த நாடுகளுக்கு நிறம் தீட்ட வைத்தேன். முடிந்ததும் ஒரு பெடியன், “ரீச்சர், அப்ப இது வெக்கை நாட்டு வருத்தமா?” என்று கேட்டான். பதில் சொல்லத் தடுமாறிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
(ஒரு ஆசிரியை, திருகோணமலை)

அன்புள்ள ரீச்சர்,

பெடியனில் பிழையில்லை, படத்தில்தான் பிழை. நாடு முழுக்க ஒரே நிறம் அடித்தால் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

குளிர்நாட்டு லண்டனிலிருந்து தொடங்குங்கள். 1854இல் சோஹோவில், பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி 600 பேருக்கு மேல் செத்தார்கள். ஜோன் ஸ்னோ என்ற டொக்டர் சாவு வீடுகளைப் படத்தில் குறித்தார். படத்தைப் பார்த்த உடனே அவருக்கு ஞானம் வந்தது போலச் சொல்வார்கள், அது சும்மா கதை. தண்ணீரால் பரவுகிறது என்று 1849இலேயே எழுதிவிட்டார். 1854 செப்டம்பர் 8ஆம் திகதி பம்பின் கைபிடியைக் கழற்றியபோது நோயும் தணியத் தொடங்கியிருந்தது.

எனக்குப் பிடித்தது அவர் சாகாதவர்களைத் தேடிப் போனதுதான். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பியர் வடிசாலையில் 70க்கு மேற்பட்ட வேலையாட்கள், ஒருவர்கூடச் சாகவில்லை, அவர்கள் குடித்தது பியர், போதாதற்குச் சொந்தக் கிணறும் இருந்தது. 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் செத்தது 5 பேர்தான், அங்கேயும் தனிக் கிணறு. ஆனால் தூரத்தில், ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை செத்துப்போனார். பிராட் தெருத் தண்ணீர் ருசியென்று போத்தலில் எடுப்பித்துக் குடித்தவர்! கடைசியில் பார்த்தால், நோயுற்ற குழந்தையின் துணி கழுவிய தண்ணீர் போன மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்றடிகூட இல்லை.

இன்னொன்று, ஸ்னோ தூரத்தை நேர்கோட்டில் அளக்கவில்லை, எந்தப் பம்புக்கு நடந்துபோவது கிட்ட என்று தெருத்தெருவாகப் பார்த்தார். உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க லண்டன் தேவையில்லை. மூதூர், கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில்தான், ஆனால் பாலங்கள் வருவதற்கு முன்னர் தரைவழியாகப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆறு கடக்கும் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த கதையைச் சொல்வார்கள்.

அப்புறம் அந்தப் பெடியனின் வெக்கைக்கும் பங்குண்டு, மறைக்க வேண்டாம். இந்தக் கிருமி வெதுவெதுப்பான உவர்நீரில், ஆறு கடலோடு கலக்கும் இடங்களில், சின்னச்சின்ன மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டு மனிதன் இல்லாமலே வாழும். அதனால்தான் பங்களாதேஷ் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடித்தபோது கொலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவும் அதே வங்கக்கடல்தானே என்று சொல்லலாம், ஆனால் அங்கே கொலரா இருக்கிறது என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உவர்நீரில் கிருமி இருப்பது வேறு, மலம் குடிதண்ணீரில் கலந்து ஊர் முழுக்கப் பரவுவது வேறு.

சரி, பயிற்சி. நிறப் பென்சிலை வைத்துவிட்டு அவரவர் ஒழுங்கையைக் கீறச் சொல்லுங்கள்: கிணறு, மலசலகூடக் குழி, இரண்டுக்கும் இடைத்தூரம், எந்த வீடு எங்கே தண்ணீர் அள்ளுகிறது, மழைவெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது. உங்கள் பக்கம் மணல் நிலம், கிணறுகளும் ஆழமில்லை, படத்தைப் பார்த்து அவர்களே பேசத் தொடங்குவார்கள். வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுத விடாதீர்கள், ஊரில் சண்டை வரும்.