இஸ்மிர் முதல் அந்தாலியா வரை: வாந்திக்கும் சைவச் சாப்பாட்டுக்கும்

தம்பி, பரிமாற்ற மாணவராகப் போன துருக்கியில் இஸ்மிரிலிருந்து அந்தாலியா வரை பள்ளிச் சுற்றுலா, பஸ்ஸில் வாந்தி வரும், சைவம் வேறு, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

வழியில் காஷ் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம்தான் கவனம். மலைக்கும் கடலுக்கும் நடுவே சாலை வளைந்துகொண்டே போகும். ஆசிரியரிடம் இப்போதே சொல்லி முன் இருக்கை வாங்கிவிடுங்கள். போனைப் பார்க்காதீர்கள்.

பருப்பு சூப் எங்கும் கிடைக்கும். ஆனால் சில கடைகளில் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள். "எத் சுயு வார் மி?" என்று கேளுங்கள், அந்த நீர் சேர்த்திருக்கிறதா என்று அர்த்தம். சீஸ் வைத்த கொஸ்லெமே, நம் சப்பாத்தி மாதிரி கல்லில் சுடுவது, பசி தாங்கும்.

அப்புறம், எபேசஸ் என்ற பழங்கால நகர இடிபாடுகளில் பளிங்குத் தெரு மிதிபட்டு வழவழவென்றிருக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். பமுக்கலே என்ற இடத்தின் வெண்சுண்ணாம்புப் படிகளில் வெறுங்காலோடுதான் விடுவார்கள். ஷூவுக்கு ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.