மூன்று ஓநாய்களும் ஐந்து நட்சத்திரங்களும்

கேள்வி: அமேசான் தளத்தில் யாரோ வேடிக்கையாக எழுதிய விமர்சனத்தால் ஒரு டி-ஷர்ட் விற்பனையில் முதலிடத்துக்கே வந்ததாமே? அப்படி என்னதான் எழுதினார்?
– விழுப்புரம் வாசகி

பதில்: உண்மைதான். நிலவைப் பார்த்து மூன்று ஓநாய்கள் ஊளையிடும் படம் அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட் அது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்னும் ஊரைச் சேர்ந்த ‘தி மவுண்டன்’ நிறுவனத்தின் தயாரிப்பு. 2008 நவம்பரில், ஏதோ புத்தகம் தேடி அமேசானுக்குள் நுழைந்த சட்ட மாணவர் ஒருவர், கண்ணில் பட்ட அந்தச் சட்டைக்கு, அதை வாங்காமலேயே ஒரு விமர்சனம் எழுதிவைத்தார். பருத்த உடலுக்கும் பொருந்துகிறது, ஓநாய்கள் இருக்கின்றன, பெண்களைக் கவர்கிறது என்பவை அவர் கண்ட நிறைகள். ஓநாய்கள் மூன்றே மூன்றுதான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவை மறைந்துவிடுகின்றன என்பவை குறைகள். அந்த இரண்டாவது குறையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: தையல் பிரிந்ததைச் சுட்டிக்காட்டும் பொறுப்பான வாடிக்கையாளரின் முகத்தோடு அதைச் சொல்கிறார், சிரிப்பு முழுவதும் அந்த முகத்தில்தான் இருக்கிறது. அவரைப் பின்பற்றி ஏராளமானோர் சட்டையின் மந்திர சக்திகளை அடுக்கத் தொடங்க, 2009 மே மாதத்தில் அது அமேசானின் ஆடைப் பிரிவில் விற்பனையில் முதலிடத்தைப் பிடித்தது.

கேள்வி: அப்படியானால் கேலிக்கு ஆளாகும் எந்தப் பொருளுக்கும் லாபம்தானா?
– தேனி வாசகர்

பதில்: எல்லாக் கேலியும் ஒரே தன்மையுடையது அல்ல. ஓநாய்ச் சட்டையை யாரும் வெறுக்கவில்லை. கொஞ்சம் அசட்டுத்தனமான அதன் அழகை ரசித்தார்கள். ‘பிக்’ நிறுவனம் பெண்களின் கைக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லி விற்ற பேனாவின் கதை வேறு. 2012இல் அதன் விமர்சனப் பக்கத்தில், இத்தனை காலம் ஆண்களின் பேனாவைத் தூக்க முடியாமல் தவித்த தமக்கு விடிவு பிறந்ததென்று பெண்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்து நன்றி சொன்னார்கள். நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இக்கால உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. ஹரிபோ நிறுவனத்தின் சர்க்கரையில்லாத கரடி மிட்டாயைப் பற்றிய விமர்சனங்களோ கழிப்பறைக் காவியங்களாகவே இருந்தன. அவற்றில் மிகை உண்டு என்றாலும் அடிப்படை பொய்யல்ல: இனிப்புக்காக அதில் சேர்த்த மால்டிடால் குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை, தங்கிவிடும் பகுதி நீரை இழுத்துக்கொள்வதாலும் நொதிப்பதாலும், அளவுக்கு மேல் தின்றவருக்கு வயிறு பொருமிப் பேதியாகும். என்னைக் கேட்டால், மூன்றில் வாங்குபவருக்கு உண்மையில் உதவியது இந்த மிட்டாய் விமர்சனம்தான்.

கேள்வி: வாங்காத பொருளுக்கு விமர்சனம் எழுதுவது மோசடியாகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காசு வாங்கிக்கொண்டு எழுதப்படும் போலி விமர்சனம், நாம் அதை நம்பிவிட வேண்டும் என்று விரும்புகிறது; வேடிக்கை விமர்சனத்துக்கோ, யாராவது நம்பிவிட்டால் அதுவே தோல்வி. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது: படிப்பவருக்குப் புரியும் கிண்டல், நட்சத்திரங்களைக் கூட்டிச் சராசரி காட்டும் கணக்குக்குப் புரியாமல் போகலாம். வேடிக்கைக்காகக் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள் ஒரு பொருளின் மதிப்பை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், சராசரியை மட்டும் பார்க்காமல், பொருளை வாங்கியவர் என்று தளமே உறுதிசெய்து குறித்திருக்கும் விமர்சனங்களையும் இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவற்றையும் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.