விலை குறைந்த ஆம்ப் மேடையைத் தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு பாடகர்கள், கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ், டிரம்ஸ். இதுவரை வாடகை செட்தான். இப்போது சொந்தமாக வாங்க நினைக்கிறோம். விலை குறைந்த பவர் ஆம்ப்களை நம்பி மேடை ஏறலாமா?

பதில்: ஏறலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒரு சேனலில் லோடு (அதில் மாட்டிய பாக்ஸ்களின் மொத்த மின்தடை) 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. கிளிப் விளக்கு (ஆம்ப் எல்லையைத் தொட்டு ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவதைக் காட்டுவது) எப்போதாவது மின்னலாம், எரிந்துகொண்டே இருக்கக் கூடாது. இந்த எல்லைக்குள் ஓடும் சாதாரண ஆம்ப் பல வருடம் உழைக்கும். எல்லை தாண்டினால் எங்கே அடி வாங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் கை வைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோக இறகுகள்), ஃபேன், டிரான்ஸ்ஃபார்மர், பாதுகாப்பு ரிலே (கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்).

கணக்கைப் பாருங்கள். 8 ஓமில் 300 வாட்ஸ் தர ஆம்ப் 49 வோல்ட் கொடுக்க வேண்டும். உச்சத்தில் ஓடும் கரண்ட் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். அதே 49 வோல்ட்டை 4 ஓமில் கேட்டால் 17 ஆம்பியர், 2 ஓமில் 35 ஆம்பியர். இவ்வளவும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். பல ஆம்ப்களில் இருக்கும் 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் 150 வாட்ஸ் வெப்பத்தைத் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்வது, அதன் உறை 25 டிகிரியில் இருக்கும் நிலைக்கு. ஹீட்சிங்க் கொதித்து உறை 100 டிகிரியைத் தொட்டால் அதன் எல்லை 60 வாட்ஸ்தான். அதனால் சேனலுக்கு இரண்டு ஜோடி மட்டும் வைத்த ஆம்ப் குளிர்ந்த அறையில் அருமையாக முழங்கும், வெயில் மேடையில் ஒரு மணி நேரத்தில் வெடிக்கும். 8 ஓமில் 300 வாட்ஸ் தருவதாகச் சொல்லும் ஏபி வகை (கிளாஸ் ஏபி எனும் சுற்று வகை) ஆம்பில் சேனலுக்கு நான்கு ஜோடியாவது இருக்கிறதா என்று மூடியைத் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். குறைந்தால் அதை 8 ஓமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுவுக்கு எங்கள் யோசனை இது. குரலுக்கான டாப் பாக்ஸ்களுக்கும் மேடை மானிட்டருக்கும் விலை குறைந்த ஆம்ப் தாராளமாகப் போதும். குரலில் இடைவெளிகள் அதிகம், சராசரி பவர் குறைவு. பேஸும் கிக் டிரம்மும் இறங்கும் சப் வூஃபருக்கு மட்டும் நல்ல ஆம்பாக வாங்குங்கள். இருக்கிற பணத்தில் பெரும்பங்கு அங்கே போகட்டும்.

இன்னொன்று, சத்தம் போதாது என்று வாட்ஸைத் துரத்த வேண்டாம். 500 வாட்ஸ் ஆம்பை 1000 வாட்ஸ் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 95 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள பாக்ஸுக்குப் பதில் 101 உள்ளதை வாங்கினால் 6 டெசிபல் கூடும். அது ஆம்பை நான்கு மடங்காக்கியதற்குச் சமம், அதுவும் கூடுதல் சூடு இல்லாமல்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. உண்மையில் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பீக் (கணநேர உச்சம்) என்றால் ஆர்எம்எஸ் (தொடர்ச்சியாகத் தரும் பவர்) அதில் பாதி. பிரிட்ஜ் (இரண்டு சேனலையும் இணைத்து ஒரே லோடை ஓட்டுவது) என்றால் இரண்டு சேனலையும் சேர்த்த கணக்கு. தேட வேண்டியது ஒரே ஒரு வரி: இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, 8 ஓமில், தொடர்ச்சியாக எத்தனை வாட்ஸ். அந்த வரியே இல்லாத ஆம்பை எடுக்காதீர்கள்.

அளந்தே பார்க்கலாம். 230 வோல்ட், 2000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் காயில் ஒன்றின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம். மூன்றை பேரலலாக இணைத்தால் 8.8 ஓம். மூன்றையும் வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்க வைத்து, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் அவுட்புட்டில் கொடுங்கள். காயில்களை மெயின்ஸில் செருகவே கூடாது. ஆம்ப் ஓடும்போது தண்ணீரிலோ வெறும் வயரிலோ கை வைக்கக் கூடாது.

போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் கொடுத்து, கிளிப் விளக்கு லேசாக மின்னும் வரை ஏற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அவுட்புட்டைப் படியுங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். சாதாரண மீட்டர்கள் பல அங்கே தவறாகக் காட்டும். 49 வோல்ட் வந்தால் 49 × 49 ÷ 8.8, அதாவது 273 வாட்ஸ். இருபது விநாடிக்குள் அளந்து குறைத்துவிடுங்கள். அடுத்த சேனலுக்கும் இதேபோல் மூன்று காயில் போட்டு, இரண்டையும் ஒன்றாக ஓட்டுங்கள். வோல்ட் சட்டென்று இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது என்று அர்த்தம்.

இதைவிட முக்கியம் சூட்டுச் சோதனை. 49 வோல்ட் வந்த ஆம்ப் என்றால் அவுட்புட்டை 17 வோல்ட்டுக்குக் குறைத்து, இரண்டு சேனலையும் ஒரு மணி நேரம் விடுங்கள். இது முழுப் பவரில் எட்டில் ஒரு பங்கு. நெருக்கமான இசை ஒரு ஆம்பிடம் கேட்கும் சராசரியும் ஏறக்குறைய இதுவே. ஏபி வகை ஆம்ப் இந்த நிலையில் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். இங்கே ப்ரொடெக்ட் ஆகும் (தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும்) ஆம்ப் மேடையிலும் ஆகும்.

கேள்வி: நிகழ்ச்சியின் நடுவே ஆம்ப் ப்ரொடெக்ட் ஆகிறது. சற்று நேரம் கழித்துத் தானே வருகிறது. ஒரு சேனலில் 8 ஓம் பாக்ஸ் மூன்று போட்டிருக்கிறோம்.

பதில்: மூன்று பாக்ஸ் பேரலலாக 2.7 ஓம். 8 ஓம் என்று எழுதிய பாக்ஸே சில அலைவரிசைகளில் 6 ஓம் வரை இறங்கும் என்பதால், ஆம்ப் சந்திப்பது 2 ஓம் அளவுக்கு வரும். மூன்றாவது பாக்ஸை முதலில் கழற்றுங்கள்.

எப்போது அணைகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கிக் அடிக்கும்போதே அணைந்தால் கரண்ட் எல்லை, அல்லது கேபிளில் ஷார்ட். கால் இஞ்ச் ஜாக் பிளக்கை ஆம்ப் ஓடும்போது செருகினால் அந்தக் கணத்தில் ஷார்ட் ஆகும். ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே உள்ள பூட்டும் கனெக்டர்) போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அரை மணி, முக்கால் மணி கழித்து அணைந்தால் சூடு. ஹீட்சிங்க்கின் இறகுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருக்கும். முகப்பு ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவினால் மட்டும் அது போகாது. மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். பிடிக்காவிட்டால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் போய்விடும். ராக்கின் பின்கதவை மூடி வைத்து ஓட்டுபவர்களும் உண்டு, அதையும் பாருங்கள். டாப், மானிட்டர் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட் போட்டால் ஆம்பின் சுமை கண்கூடாகக் குறையும்.

பிரிட்ஜில் போட்டால் கணக்கு இன்னும் மோசம். பிரிட்ஜில் 4 ஓம் பாக்ஸ் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம். விலை குறைந்த ஆம்பில் பிரிட்ஜை மறந்துவிடுங்கள்.

கேள்வி: சின்ன ஆம்ப் போட்டால்தான் ட்வீட்டர் எரியும் என்கிறார்களே?

பதில்: ஆம்ப் சிறியது என்பதால் எரிவதில்லை. சத்தம் போதாமல் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போவதால் எரிகிறது. கிளிப் ஆகும்போது பேஸ் உச்சத்தில் வெட்டுப்படுகிறது, ஹை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ட்வீட்டருக்கு, அதாவது ஹார்ன் டிரைவருக்குப் போகும் சராசரி பவர் பல மடங்காகிறது. மிக்ஸரில் ஆள் இருந்து கவனித்தால் பாக்ஸின் ஆர்எம்எஸ்ஸைவிட ஒன்றரை மடங்கு ஆம்ப் போடலாம். இல்லையென்றால் சமமாகப் போட்டு லிமிட்டரை (சிக்னல் எல்லை தாண்டாமல் தடுப்பது) ஆன் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஆம்ப் போனதோடு 15 இஞ்ச் ஸ்பீக்கரும் கருகிவிட்டது. ரிலே இருந்தும் ஏன்?

பதில்: அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 75 வோல்ட் ரெயில் (ஆம்பின் உள் டிசி சப்ளை), 6 ஓம் வாய்ஸ் காயில் என்றால் 12 ஆம்பியருக்கு மேல், 900 வாட்ஸுக்கு மேல். கோன் ஒரே பக்கம் தள்ளப்பட்டு அசையாமல் நிற்பதால் காயிலுக்குக் காற்றும் கிடைக்காது. சில விநாடிகளில் கருகும்.

ரிலேயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பல சிறிய ரிலேக்களில் 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்றிருக்கும். 75 வோல்ட் டிசியை அது துண்டிக்க முயன்றால் பொறி அணையாமல் நின்று, முனைகள் ஒட்டிக்கொள்ளும். நல்ல வடிவமைப்பில் ரிலேயின் மற்ற முனையை கிரவுண்டோடு இணைத்திருப்பார்கள். பொறி அங்கே பாய்ந்து ஃபியூஸைப் போக்கிவிடும், ஸ்பீக்கர் தப்பிக்கும்.

ரிப்பேர் ஆகி வந்த ஆம்பில் உடனே பாக்ஸ் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப் என்றால், மெயின்ஸில் 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மங்கிய பிறகு அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுங்கள். மாற்றிய டிரான்சிஸ்டர் அசல்தானா என்றும் கேளுங்கள். 5200-1943 போலிகள் ஏராளம். வெளியே அதே உறை, உள்ளே மிகச் சிறிய சிலிக்கான் துண்டு.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓட்டும்போது சத்தம் குறைகிறது. ஹம்மும் வருகிறது.

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்பில் மெயின்ஸ் 230லிருந்து 200க்கு இறங்கினால் ரெயிலும் அதே விகிதத்தில் இறங்கி, பவர் கால்வாசி போய்விடும். அப்போது ஃபேடரை ஏற்றினால் கிளிப்தான் மிஞ்சும். ஏறினாலும் ஆபத்து: 265 வந்தால் 75 வோல்ட் ரெயில் 86 ஆகும், 80 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் உப்பிவிடும். ஆன் செய்யும் முன்னும் லைட்டுகள் எரிந்த பின்னும் வோல்ட்டை அளந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருக்கட்டும். சுருளை முழுதாகப் பிரித்துவிடுங்கள், சுற்றியபடி ஓட்டினால் உருகும்.

ஹம்முக்காக எர்த் பின்னை எடுப்பது உயிருக்கே ஆபத்து. மைக்கைத் தொடும் பாடகர்தான் அடி வாங்குவார். மிக்ஸரையும் ஆம்பையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள்; கீபோர்டின் டிஐ பாக்ஸில் (கீபோர்டை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும்.

கேள்வி: ஒரு பெரிய ஆம்பா, இரண்டு சிறியதா?

பதில்: இரண்டு, ஒரே மாடலாக. இடது டாப்பும் ஒரு மானிட்டரும் முதல் ஆம்பில், வலது டாப்பும் மற்ற மானிட்டரும் இரண்டாவதில். ஒன்று போனாலும் கூட்டத்துக்கும் பாடகருக்கும் பாதி சத்தமாவது இருக்கும், நிகழ்ச்சி நிற்காது.