நான்காவது டவுனில் துணிந்து ஆடச் சொன்ன பயிற்சியாளர் ஜெயித்தால் மேதை, தோற்றால் மடையனா? ரசிகர்கள் இப்படிப் பேசுவது நியாயமா?

நியாயமில்லை. நீங்கள் ஏதோ ஒரு மேட்ச் தோற்ற ராத்திரி, ரசிகர்கள் திட்டுவதைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் அணி எது என்று தெரியவில்லை. என் அணி டெட்ராய்ட் லயன்ஸ்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு; ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோல் கம்பம் எட்டும் தூரமென்றால், உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் 3 பாயின்ட் கிடைக்கும். உதைக்காமல் ஆடித் தவறினால், பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும்.

2024 ஜனவரி 28. சாண்டா கிளாராவில் ஃபார்ட்டி நைனர்ஸுடன் ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டம். லயன்ஸ் அதில் ஒருமுறைகூட ஆடியதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரை எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லயன்ஸ் கடைசியாகப் பட்டம் வென்ற 1957இல் அவர் பள்ளிக்கூடப் பையன்.

இடைவேளையில் நாங்கள் 24-7 முன்னிலை. மூன்றாவது கால்பகுதியில் 24-10 என்று இருந்தபோது, எதிரணியின் 28 யார்டு கோட்டில் (அவர்கள் எல்லைக்கோட்டுக்கு 28 யார்டு முன்னால்) நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். பயிற்சியாளர் டான் கேம்பல் உதைக்கவில்லை. எங்கள் அணியில் பந்தை எறியும் காஃப் எறிந்த பந்து, பிடிக்க ஓடிய ரெனால்ட்ஸ் கைக்கு வந்து நழுவியது. பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த நீலச் சிங்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கடைசிக் கால்பகுதியில் 27-24 என்று பின்தங்கியிருந்தபோது மறுபடியும் நான்காவது டவுன், மறுபடியும் உதைக்கவில்லை, மறுபடியும் தவறியது. 34-31 என்று தோற்றோம்.

"அந்த மூன்று பாயின்ட்டை எடுத்திருக்கலாமே" என்றேன். பெரியவர், "பயந்து உதைக்கிற லயன்ஸை ஐம்பது வருஷம் பார்த்தாயிற்று. இவரை விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார்.

கேம்பல் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டாவது முடிவு எனக்கு இன்னும் உறுத்துகிறது; அங்கே உதைத்துச் சமன் செய்யப் பார்த்திருக்கலாம். ஆனால் முதலாவதில் பந்து வீரரின் கைவரை வந்தது. அதற்குமேல் பயிற்சியாளர் என்ன செய்வார்? உதைத்திருந்தாலும் அது 46 யார்டு தூர உதை, கட்டாயம் போகும் என்று சொல்ல முடியாது. அப்புறம், 2008இல் பதினாறு ஆட்டத்தில் பதினாறும் தோற்ற அணி இது. 32 வருஷம் கழித்து அந்த ஜனவரியில்தான் பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சுற்றில்) ஒரு வெற்றியைப் பார்த்தது. அதுவரை கொண்டுவந்ததே இந்தத் துணிச்சல்தானே. எங்கிருந்தோ வந்த உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜனவரி ஆட்டத்தன்றைக்கு நம் ஊர் நண்பர்கள் நாலு பேரும் வந்திருந்தார்கள். ரெனால்ட்ஸ் பந்தை விட்ட நேரத்தில் ஒருவர் கோயம்புத்தூரில் சென்ட் என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர், "காலாலே உதைக்கவே இல்லை, இதுக்கு எதுக்கு ஃபுட்பால்னு பேரு?" என்றார், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அடுத்தவர் உயிராய் நினைப்பதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதன்பிறகு நான் அவர்களை மேட்ச் பார்க்க அழைப்பதில்லை.

அதே வருஷம் டிசம்பர் 5. எதிரணி பேக்கர்ஸ். 31-31, 43 வினாடி பாக்கி. அவர்களின் 21 யார்டு கோட்டில் நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும். உதைத்தால் முன்னிலை கிடைக்கும், ஆனால் பேக்கர்ஸுக்கு நேரம் மிச்சமிருக்கும். கேம்பல் ஆடச் சொன்னார். காஃப் தடுமாறி, விழப்போகிற நிலையில் பந்தை எங்கள் ஓட்டக்காரர் மான்ட்கோமரி கையில் கொடுத்தார். அவர் ஏழு யார்டு ஓடினார். நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் எங்கள் உதைப்பாளர் பேட்ஸ் உதைத்தார். 34-31. ஜனவரியில் தோற்ற அதே ஸ்கோர். ஜனவரியில் கேம்பலை வேலையை விட்டுத் தூக்கச் சொன்ன என் ஆபீஸ்காரர்களே மறுநாள் அவரை மேதை என்றார்கள். காஃப் முழுசாக விழுந்திருந்தால்?

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல், பெரியவர் வீட்டு வாசல் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. நானும் எழுந்துபோய் எங்கள் வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவிட்டேன்.