சிறுநீரக மாற்றுக்குப் பின் ஹார்மோன் மாற்றங்கள்: கேள்வி பதில்

அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி ஆறு வாரம் ஆகிறது. முன்பு சுகர் கிடையாது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் 98, மாலையில் 246. மீட்டர் கோளாறா டாக்டர்?

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. காலையில் போடும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் தாக்கம் மதியம் முதல் மாலை வரை உச்சத்தில் இருந்து, இரவில் அடங்கும். காலை அளவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

காரணங்கள் பல. ஸ்டீராய்டு கல்லீரலிலிருந்து குளுக்கோஸை அதிகம் வெளியேற்றும். தசையில் இன்சுலினை வேலை செய்ய விடாது. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் இன்சுலின் சுரப்பையே குறைக்கும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகத்தான் அகற்றும், புதியது வேகமாக அகற்றிவிடும். டயாலிசிஸ் காலத்தில் போதுமானதாக இருந்த இன்சுலின் இப்போது போதாமல் போவது அதனால்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். ஆனால் 200-க்கு மேலேயே நின்றால் வாரம் முடியக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் காலையில் போடும் என்.பி.எச். என்ற நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின் இந்த ஏற்றத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரவில் அதிக அளவு போட்டால் விடியற்காலையில் லோ சுகர் வரும். ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் இன்சுலின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. நிரந்தரச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்ட ஆறு வாரம் போதாது.

எச்.பி.ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் சோதனை) 5.6 என்று வந்திருக்கிறது. மாற்றி இரண்டு மாதம். நிம்மதியாக இருக்கலாமா?

இந்த எண்ணை இப்போது நம்ப வேண்டாம். இரத்தம் ஏற்றியிருந்தாலும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஹார்மோனின் வேலையால் புதுச் சிவப்பணுக்கள் பெருகினாலும் இது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முதல் மூன்று மாதம் மதிய, மாலை அளவுகளைப் பாருங்கள். நிலைமை சீரான பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைதான் நம்பகமானது. இரண்டு மணி நேர அளவு 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

சுகருக்குக் காரணம் டாக்ரோலிமஸ் என்றால் அளவை நானே கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. சுகருக்கு மருந்து உண்டு. நிராகரிப்பால் போன சிறுநீரகம் திரும்பாது. இரத்தத்தில் இந்த மருந்தின் அளவு அவசியமில்லாமல் உயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முந்தைய வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, அன்றைய காலை மாத்திரையைப் போடும் முன் இரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் கூடுதலாக வரும். வயிற்றுப்போக்கு, டில்டியாசெம் (இரத்த அழுத்த மருந்து), ஃப்ளூகோனசோல் (பூஞ்சை மருந்து), பம்பளிமாஸ் பழம் ஆகியவை உண்மையிலேயே அளவை ஏற்றும்.

மூன்றாம் மாதம். கால்சியம் 11.1, பாஸ்பரஸ் 1.9, பி.டி.ஹெச். 310. கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

பல ஆண்டு நோயில் பெருத்துவிட்ட பாராதைராய்டு சுரப்பிகள் ஒரே நாளில் சுருங்காது; பி.டி.ஹெச். அவை சுரக்கும் ஹார்மோன். அந்த ஹார்மோனும் எலும்பு சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.23 ஹார்மோனும் சேர்ந்து பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளுகின்றன. புதுச் சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெறவைப்பதால் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் மாத்திரையோ கால்சிட்ரியாலோ (செயலூக்கம் பெற்ற வைட்டமின் டி) இன்னும் தொடர்கிறதா என்று உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பாஸ்பரஸ் மருந்தை அள்ளிக் கொடுத்தால் பி.டி.ஹெச். மேலும் தூண்டப்படும்; பாஸ்பரஸ் உள்ள முட்டை, மீன், பருப்பைச் சாப்பிடுவதே முதல் வழி. ஒரு வருடம் தாண்டியும் கால்சியம் இறங்காவிட்டால் பி.டி.ஹெச்.-ஐக் குறைக்கும் சினகால்செட் மாத்திரை அல்லது பாராதைராய்டு அறுவை சிகிச்சை.

நாலு வருஷமாக நின்றிருந்த மாதவிலக்கு இரண்டாம் மாதமே வந்துவிட்டது. பயப்படணுமா மேடம்?

பயப்பட ஒன்றுமில்லை அம்மா, நல்ல அறிகுறிதான். உயர்ந்திருந்த புரோலாக்டின் இறங்கி, சினைப்பை மறுபடி வேலை செய்கிறது. ஆனால் கருவும் தரிக்கலாம். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மைக்கோபினோலேட் கருவை ஊனமாக்கும். ஆகவே இன்றிலிருந்தே கருத்தடை வேண்டும். குறைந்தது ஒரு வருடம் கழித்து, மருத்துவர் சொல்லி அந்த மருந்தை மாற்றி ஆறு வாரமாவது ஆன பிறகே குழந்தைக்கு முயற்சி செய்யுங்கள்.