அப்பா விட்டுச் சென்ற தோட்டா மருந்து: எரிக்கலாமா, ஒப்படைக்க வேண்டுமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். அவர் காலமானதும் துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம். போன வாரம் பரணைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதில் ஒரு தகர டப்பாவில் சாம்பல் நிறக் குருணை மருந்து, பிளாஸ்டிக் டப்பாவில் 1 கிலோ அளவுக்குக் கருமருந்து, இரண்டு சின்ன டப்பா கேப் (தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடி), தோட்டா நிரப்பும் கைக்கருவி, காலித் தோட்டாக் கூடுகள், நிரப்பிய தோட்டாக்கள் 9 இருக்கின்றன. தோட்டத்தில் கொட்டி எரித்துவிடலாம் என்கிறான் தம்பி. பக்கத்து ஊர்க்காரர் கோயில் வேட்டுக்கு மருந்தைக் கேட்கிறார். போலீசிடம் போனால் என் மேலேயே கேஸ் வருமா?

பதில்: எரிக்க வேண்டாம், கிணற்றில் போட வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாளைக் காலையே ஸ்டேஷனில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்களுக்கான பாதுகாப்பு அந்தத் தகவலிலும் அதன் தேதியிலும்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். ஆயுதச் சட்டம், 1959 பிரிவு 2(1)(பி) "தோட்டா" (ammunition) என்பதற்குத் தரும் விளக்கம் மிக அகலமானது. நிரப்பிய தோட்டா மட்டுமல்ல, துப்பாக்கிக்கான மருந்து, தோட்டாவின் பாகங்கள், தோட்டா செய்யும் கருவி எல்லாமே அதற்குள் வருகின்றன. பித்தளைக் கூட்டையும் கைக்கருவியையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு மருந்தை மட்டும் சொல்லலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கூடவே, கருமருந்து 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி வெடிபொருளும்கூட. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் பிரிவு 25(1பி)(ஏ)-யின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். விதிகளை மீறி வெடிபொருள் வைத்திருந்தால் 1884 சட்டம் பிரிவு 9பி-யின்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையானது 1908-ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம், பிரிவு 5. சந்தேகத்துக்கு இடமான சூழலில் வெடிபொருள் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டப்படியான நோக்கத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று காட்டும் பொறுப்பும் வைத்திருந்தவர் தலையில்தான் விழும். உங்கள் ஊர் காட்டை ஒட்டியது. பன்றிக்கு அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்த வெடி) வைப்பவர்களை வனத்துறை தேடும் பகுதியில், கணக்கில் வராத 1 கிலோ கருமருந்து எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள்.

இனி உங்கள் பக்கம் இருக்கும் சட்டம். ஆயுதச் சட்டத்தில் "வைத்திருத்தல்" என்றால் தெரிந்து வைத்திருத்தல்தான் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது. 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. பரணில் பெட்டி கிடந்த இத்தனை நாளும் உங்களுக்கு அது தெரியாது. அந்தக் காலத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள்தான் விளக்கம் தர வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது.

இந்த நிலைமைக்காகவே ஆயுதச் சட்டத்தில் பிரிவு 21 இருக்கிறது. எந்தக் காரணத்தால் ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனாலும், தேவையில்லாத தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21(1). துப்பாக்கியை நீங்கள் ஒப்படைத்ததும் இதன்படிதான். உரிமம் உள்ளவருக்கு விற்கும் வாய்ப்பையும் சட்டம் வாரிசுக்குத் தருகிறது. ஆனால் வயது தெரியாத மருந்தையும் வீட்டில் நிரப்பிய தோட்டாவையும் எந்த வியாபாரியும் வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது. அந்த உரிமையை மனுவிலேயே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

தம்பி சொல்வதற்கு வருகிறேன். அமெரிக்காவில் தோட்டா நிரப்புவோருக்கான கையேடுகள், பழைய புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகத் திறந்த வெளியில் மெல்லிய படலமாகப் பரப்பி எரிக்கச் சொல்வது உண்மை. அங்கே அந்த மருந்தைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படியானது. அது அவர்களுக்கான யோசனை. உங்கள் டப்பாவில் லேபிள் கிடையாது. சாம்பல் நிறக் குருணை புகையில்லா மருந்தா, கருமருந்து கலந்ததா, உள்ளே கேப் ஏதும் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 சேர்ந்த கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடமானாலும் வீரியம் குறையாது. சின்னப் பொறி போதும். திறந்த இடத்தில் குபீரென்று எரியும். மூடிய டப்பாவுக்குள் அதுவே வெடிப்பாகிவிடும். முதல் தடவை எரித்த இடம் ஆறுவதற்குள் அடுத்த பிடியைக் கொட்டும்போதுதான் கை முகமெல்லாம் வெந்துபோகிறது.

தண்ணீரில் கரைப்பதும் பாதி உண்மைதான். கருமருந்திலிருந்து வெடியுப்பு கரைந்து பிரியும், ஆனால் அது உங்கள் கிணற்று நீரில் கலக்கும். புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. தண்ணீரில் கரையாது, காய்ந்தால் மறுபடி எரியும். கேப்பை எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்பதை நம்பவே முடியாது.

எரிப்பதால் யாருக்காவது ஆபத்து ஏற்படும் நிலை வந்தாலே பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 288 வரும்: வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் பிரிவு 106(1), 5 ஆண்டு வரை. ஒன்றும் ஆகவில்லை என்றாலும் சத்தமும் புகையும் ஊருக்குத் தெரியும். அது அப்பாவின் பழைய மருந்து என்று காட்ட உங்கள் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

கோயில் வேட்டுக்குக் கேட்பவரிடம் இல்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அது கைமாற்றம்தான். திருவிழாவில் அந்த மருந்தால் ஒரு விபத்து நடந்தால் விசாரணை உங்கள் பரணுக்குத்தான் வந்து நிற்கும். அதேபோல, ஒரு தோட்டாவை மட்டும் நிரப்பிப் பார்ப்போம், கருவி வேலை செய்கிறதா பார்ப்போம் என்று யாரும் தொடக் கூடாது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதற்கான குறைந்தபட்சத் தண்டனை இப்போது 7 ஆண்டு. ஆயுள் வரை போகலாம்.

போலீஸ் வந்து எடுக்கும் வரை அந்த அறையைப் பூட்டி வையுங்கள். விளக்கு, ஊதுபத்தி, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். எடை பார்க்க வேண்டாம், டப்பா மாற்ற வேண்டாம், மூடியைத் திருக வேண்டாம். மூடியின் மரையில் சிக்கிய துகள் உரசினாலே பற்றலாம். பத்திரம் என்று நினைத்து இரும்புப் பெட்டியில் அடைத்து இறுக்கவும் வேண்டாம். தகர டப்பா உள்ளிருந்து துருப்பிடித்திருந்தாலோ, காரமான அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ, மருந்தைக் கெடாமல் வைத்திருக்கும் டைஃபினைலமைன் போன்ற சேர்மானம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மருந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பைக்கிலும் வேண்டாம், பஸ்ஸிலும் வேண்டாம். மலைப்பாதையில் சோதனைச் சாவடியில் பிடிபட்டால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று நீங்கள் சொல்வதற்கு அங்கே எந்தக் காகிதமும் துணை நிற்காது. மனு மட்டும் போகட்டும். இன்ஸ்பெக்டருக்கு இப்படி எழுதலாம்:

"என் காலஞ்சென்ற தந்தை இன்ன எண் கொண்ட ஆயுத உரிமம் பெற்றிருந்தார். அவரது துப்பாக்கி இன்ன தேதியில் தங்கள் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. ரசீது நகல் இணைப்பு. இன்ன தேதியில் வீட்டுப் பரணில் கீழ்க்கண்ட பொருட்கள் இருப்பதை முதன்முறையாகக் கண்டேன். அவற்றை அசைக்கவோ பிரிக்கவோ இல்லை. அளவு பார்வைக்குத் தோராயமானது. ஆயுதச் சட்டம் பிரிவு 21(1)-இன்படி ஒப்படைக்க விரும்புகிறேன். தகுந்த வல்லுநர்களுடன் நேரில் வந்து கைப்பற்றிக்கொள்ள வேண்டுகிறேன். எனக்கு எதுவும் திரும்ப வேண்டியதில்லை."

கண்டெடுத்த தேதியை உள்ளபடியே எழுதுங்கள்; ஒரு வாரத்தை மறைக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உரிம நகல், பெட்டியைத் தொடாமல் எட்ட நின்று எடுத்த போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். அப்பா எங்கே வாங்கினார், எப்போது நிரப்பினார் என்று ஊகித்து எழுத வேண்டாம். அவர் உரிமத்தை மீறியிருந்தாலும் அந்தக் குற்றம் வாரிசுக்கு வராது.

மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே மாவட்ட எஸ்.பி.க்கும், உரிம அதிகாரி என்ற முறையில் ஆட்சியருக்கும் ஸ்பீடு போஸ்டில் நகல் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை வரவழைப்பது போலீஸின் வேலை. அவர்கள் எடுத்துப் போகும்போது டப்பா வாரியாக, தோட்டா எண்ணிக்கையோடு எழுதிய பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். "வெடிமருந்து ஒரு பெட்டி" என்று மொத்தமாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேஸ் வரவே வராது என்று நான் உத்தரவாதம் தர முடியாது, எஃப்.ஐ.ஆர். போடும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. ஆனால் ஆயுதச் சட்டம் பிரிவு 3 மீறலுக்கு, அதாவது லைசென்ஸின்றி வைத்திருந்ததற்கு, வழக்கை நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் (ஆட்சியரின்) முன் அனுமதி வேண்டும் என்கிறது பிரிவு 39. 1908 சட்டத்தின் பிரிவு 7-உம் அவர் இசைவைக் கேட்கிறது. தானாக முன்வந்து கொடுத்த மனு கோப்பில் இருக்கும்போது அந்த அனுமதி எளிதாகக் கிடைக்காது. அதையும் மீறிக் கைது பயம் வந்தால் பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 482-இல் முன்ஜாமீன் கேட்கலாம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யப் பிரிவு 528-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். இரண்டிலும் முதல் ஆவணமாக வைக்கப்போவது அந்த சி.எஸ்.ஆர். ரசீதைத்தான்.