கேள்வி–பதில்: யாருக்கு எந்தத் திரை திறக்க வேண்டும்?

ஓடூ என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் விற்பனைப் பிரிவு ஊழியர் ஒருவர் இன்வாய்ஸைத் திருத்தக் கூடாது என்று ‘பார்க்க மட்டும்’ என்றொரு புதிய குரூப்பை (அனுமதித் தொகுப்பை) உருவாக்கி, அவரை அதில் சேர்த்தேன். இன்னமும் திருத்துகிறார். மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை. அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும், கழியாது. ஓடூ, அதைப் போன்ற மென்பொருள்களான ஈஆர்பிநெக்ஸ்ட், எஸ்ஏபி மூன்றிலும் இதுதான் அடிப்படை. ஒருவர் நான்கு குரூப்பில் இருந்தால் நான்கும் தருகிற உரிமைகள் மொத்தமும் அவருக்குச் சேரும். நீங்கள் உருவாக்கிய குரூப் எழுதும் உரிமையைத் தரவில்லை, அவ்வளவுதான். வேறொரு குரூப் தந்திருப்பதைப் பிடுங்கும் சக்தி அதற்குக் கிடையாது.

ஆகவே எந்தக் குரூப் அந்த உரிமையைத் தருகிறது என்று தேடுங்கள். டெவலப்பர் மோடை (நுட்ப அமைப்புகளைக் காட்டும் நிலையை) இயக்கி, பயனர் பக்கத்தில் அவர் இருக்கும் எல்லாக் குரூப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அக்சஸ் ரைட்ஸ் பகுதிக்குப் போய், படிக்க, எழுத, உருவாக்க, நீக்க என்ற நான்கு கட்டங்களில் எது டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது ‘இன்ஹெரிட்டட்’ பகுதியில்தான். ஒரு குரூப்பைக் கொடுத்தால் அதனுடன் இணைத்த குரூப்புகளும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். குரூப் எதுவும் குறிப்பிடாமல் விட்ட அக்சஸ் ரைட்ஸ் வரி இருந்தால், அது எல்லோருக்கும் பொருந்தும், அதையும் சரிபாருங்கள்.

இன்னொன்று. ஓடூ 13 முதல் வாடிக்கையாளர் இன்வாய்ஸ், வெண்டர் (சப்ளையர்) பில், ஜர்னல் என்ட்ரி எல்லாமே ‘அக்கவுன்ட் மூவ்’ என்ற ஒரே மாடலில் (தரவு அமைப்பில்) இருக்கின்றன. அந்த மாடலில் எழுத அனுமதித்தால் மூன்றுக்கும் கதவு திறந்ததாகிவிடும். இவற்றைப் பிரிக்க அக்சஸ் ரைட்ஸ் போதாது; ஆவண வகையை வைத்து ரெக்கார்டு ரூல் (எந்தெந்த ஆவணங்களைத் தொடலாம் என்று சொல்லும் விதி) எழுத வேண்டும்.

சோதிக்கும்போது அட்மின் லாகினில் பார்க்காதீர்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் ஓடூவின் சூப்பர்யூசர் மோடுக்கும் இந்த அனுமதிச் சோதனைகள் எதுவும் கிடையாது, எல்லாம் திறந்தே இருக்கும். அந்த ஊழியருக்கு உள்ள அதே குரூப்புகளோடு ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, தனி பிரவுசர் ஜன்னலில் நுழைந்து பாருங்கள்.

ஒவ்வொரு கிளைக்காரரும் தங்கள் கிளையின் ஆர்டரை மட்டும் பார்க்க வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் யூசர் பெர்மிஷன் (ஒருவரை அவரது கிளைக்குள் கட்டுப்படுத்தும் அமைப்பு) கொடுத்தும், வேறு சில ஆர்டர்களும் தெரிகின்றன.

தெரிகிற ஆர்டர்களைத் திறந்து கிளை என்ற கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தக் கட்டம் காலியான ஆவணங்களை ஈஆர்பிநெக்ஸ்ட் தானாக மறைப்பதில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் ‘அப்ளை ஸ்ட்ரிக்ட் யூசர் பெர்மிஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் அவையும் மறையும். ஆனால் அதற்கு முன் பழைய ஆவணங்களில் கிளையை நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையில் ‘என் ஆர்டர் காணோம்’ என்று எல்லோரும் கேட்பார்கள். கிளைக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் பிரச்சினை மறுபடி முளைக்காது.

இதையே ஓடூவில் செய்பவர்களுக்கு: குரூப்போடு கட்டிய ரெக்கார்டு ரூல்களில் ஏதாவது ஒன்று அனுமதித்தால் போதும். குரூப் இல்லாத பொது ரூல்களோ அத்தனையும் ஒருசேர அனுமதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொது ரூல்களை எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும்.

கொள்முதல் விலை விற்பனையாளர்களுக்குத் தெரியக் கூடாது. திரையிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. திரையில் இல்லாதது ரிப்போர்ட்டிலும், எக்ஸெல் எக்ஸ்போர்ட்டிலும், ஏபிஐ (வேறு மென்பொருள்கள் தரவை எடுக்கும் வழி) மூலமாகவும் வரும். கட்டத்துக்கே பூட்டுப் போட வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் அந்தக் கட்டத்தின் பெர்மிஷன் லெவலை 0-லிருந்து 1 ஆக்குங்கள். பிறகு ரோல் பெர்மிஷன்ஸ் மேனேஜரில் லெவல் 1-க்குக் கணக்குப் பிரிவு ரோலுக்கு (ஓடூவின் குரூப் போன்றது) மட்டும் அனுமதி கொடுங்கள். லாபம் காட்டும் ரிப்போர்ட்டுகளைத் தனியே சரிபார்க்க மறக்க வேண்டாம்: லாபத் தொகை தெரிந்தால், விற்பனை விலையிலிருந்து அதைக் கழித்துக் கொள்முதல் விலையைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகாது.

எஸ்ஏபியில் ‘அனுமதி இல்லை’ என்று அடிக்கடி வருகிறது. அவசரத்துக்கு எல்லா அனுமதியும் தரும் எஸ்ஏபி_ஆல் புரொஃபைலைக் கொடுக்கலாமா?

வேண்டாம். அவசரத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. பிழை வந்த உடனே, வேறெதையும் தொடாமல், அதே பயனர் எஸ்யு53 கட்டளையை ஓட்டட்டும். கடைசியாகத் தோற்ற சோதனை எந்த அனுமதி ஆப்ஜெக்ட், எந்த மதிப்பு என்று அது காட்டும். அதை ரோல்களைத் திருத்தும் பிஎஃப்சிஜி திரையில் பொருத்தமான ரோலில் சேர்த்து, புரொஃபைலை ஜெனரேட் செய்து, பயனரை மறுபடி லாகின் ஆகச் சொல்லுங்கள். ஜெனரேட் செய்ய மறப்பதுதான் ‘கொடுத்தும் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்கு வழக்கமான காரணம்.

கணக்குப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர். எந்த வேலைகளை ஒருவரிடமே சேர்த்துக் கொடுக்கக் கூடாது?

முதலில், வெண்டரின் வங்கிக் கணக்கை மாற்றுவதும் பணம் அனுப்புவதும். புதிய வெண்டரை உருவாக்கும் அனுமதியைப் பலர் கவனமாகப் பிரிக்கிறார்கள்; இருக்கும் வெண்டரின் கணக்கு எண்ணைத் திருத்தும் அனுமதியை விட்டுவிடுகிறார்கள். அடுத்து, கொள்முதல் ஆர்டர் போடுவதும் சரக்கு வந்ததாகப் பதிவதும். பணம் வசூலிப்பதும் கிரெடிட் நோட் (வாடிக்கையாளரின் பாக்கியைக் குறைக்கும் ஆவணம்) போடுவதும். சரக்கை எண்ணுவதும் இருப்பைத் திருத்துவதும். பயனர்களை உருவாக்கும் உரிமை கணக்கு எழுதுபவரிடம் இருக்கவே கூடாது.

இரண்டே பேரை வைத்து எல்லாவற்றையும் பிரிக்க முடியாதுதான். அப்போது வங்கித் தளத்தில் பணம் அனுப்பும் இறுதி ஒப்புதலை உரிமையாளர் வைத்துக்கொள்ளட்டும். வெண்டர் விவரத் திருத்தங்களின் பதிவை வாரம் ஒருமுறை அவரே பார்க்கட்டும்.

வேலையை விட்டுப் போனவரின் பயனர் கணக்கை அழிக்கலாமா?

அழிக்காதீர்கள், முடக்குங்கள். அவர் போட்ட வவுச்சர்களில் அவர் பெயர் இருக்க வேண்டும். முடக்கும் முன், அவர் பெயரில் நிலுவையில் உள்ள ஒப்புதல்களை வேறொருவருக்கு மாற்றுங்கள். அவர் பெயரில் ஓடும் தானியங்கி வேலைகளையும் பாருங்கள். அவை நின்றால் மாதக் கடைசியில்தான் தெரியவரும். பிறகு திறந்திருக்கும் செஷன்களையும், அவர் உருவாக்கிய ஏபிஐ சாவிகளையும் ரத்துசெய்யுங்கள். பலர் சேர்ந்து பயன்படுத்திய பொது லாகின் ஏதாவது இருந்தால், அதன் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.